அல்சைமருக்கு வரிக்குதிரை மீன்: முட்டையில் அமிலாய்டு ஊசி போட்டால் போதுமா?

#1 செதில்

அல்சைமர் ஆய்வுக்கு ஒரு வரிக்குதிரை மீன் மாதிரி உருவாக்கத் திட்டம் போட்டிருக்கிறேன். கை வைப்பதற்கு முன் உங்கள் கண்ணில் படட்டும் என்று இங்கே வைக்கிறேன்.

செயற்கையாகத் தயாரித்த மனித அமிலாய்டு பீட்டா 42-ஐ (அல்சைமர் மூளையில் படியும் புரதத் துண்டு, அதாவது பெப்டைடு), ஒற்றைச்செல் நிலையில் உள்ள முட்டைக்குள் 1 நானோலிட்டர் செலுத்துவது. 5-ஆம் நாள் குஞ்சுகளை 96 குழித் தட்டில் விட்டு, வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து நீச்சல் தூரத்தை அளப்பது. தூரம் குறைந்தால் நினைவாற்றல் குறைந்தது என்று கொள்வது. பிறகு அமிலாய்டில் ஒட்டி ஒளிரும் தயோஃபிளேவின் எஸ் சாயம் போட்டு மூளையில் படிவு தேடுவது. கடைசியில் ஒரு தாவரப் பாலிஃபீனாலை நீரில் கலந்து எல்லாம் சரியாகிறதா என்று பார்ப்பது. மனித மரபணுக்களில் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணை உண்டு என்பதால் மாதிரி பொருந்தும் என நினைக்கிறேன். ஓட்டை எங்கே?

#2 நுண்ணோக்கி

ஓட்டை ஒன்றல்ல. பெரியதிலிருந்து தொடங்குகிறேன்.

அல்சைமர் கட்டி முடித்த வீட்டில் அரிக்கும் கரையான். நீங்கள் அஸ்திவாரம் தோண்டும்போதே கரையானைப் போடுகிறீர்கள். ஒற்றைச்செல் நிலையில் போட்ட பெப்டைடு மூளைக்கு மட்டும் போகாது. தசை, இதயம், மஞ்சள்கரு என எல்லா இடத்துக்கும் பிரியும். 5-ஆம் நாள் முதுகு வளைந்து, இதயப் பை வீங்கி நிற்கும் குஞ்சுகள் கிடைக்கும். அது வளர்ச்சிக் கோளாறு, நரம்புச் சிதைவு அல்ல. மூளை உருவான பிறகு போடுங்கள்: 2-ஆம் நாள் பின்மூளை அறையில், அல்லது 5-ஆம் நாள் இதயத்தின் வழியே இரத்தத்தில். மைக்ரோகிளியாவின் (மூளையின் நோயெதிர்ப்பு செல்கள்) எதிர்வினையைப் பார்க்க வேண்டுமானால் 2-ஆம் நாள் வேண்டாம். அவை மூளைக்குள் குடியேறுவதே 60 முதல் 72 மணிக்குள்தான். 4-ஆம் நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த 70 சதவீதம். 2013-இல் வெளிவந்த மரபணுத்தொகுதிக் கட்டுரை சொன்னது இணை மரபணு இருக்கிறது என்பதை மட்டுமே. நோய் வரும் என்று அது சொல்லவில்லை. டெலியோஸ்ட் என்ற நவீன எலும்பு மீன்களின் மூதாதையில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்ததால் பலவற்றுக்கு இரண்டிரண்டு படிகள் (நகல்கள்) உண்டு: அமிலாய்டு வெட்டப்படும் மூலப் புரதமான ஏபிபி-க்கு ஆப்-ஏ, ஆப்-பி, நரம்பணுவுக்குள் முடிச்சாகும் டௌ புரதத்துக்கு மாப்ட்-ஏ, மாப்ட்-பி, கொழுப்பைக் கடத்தும் அபோஈ-க்கும் இரண்டு. அமிலாய்டை வெட்டியெடுக்கும் நொதிக்கான பிசென்1, பிசென்2 மனிதரைப் போல ஒவ்வொன்றுதான். ஒரு படியை முடக்கினால் இன்னொன்று ஈடுகட்டிவிடக்கூடும். மனிதரில் ஆபத்தைக் கூட்டும் ஈ4 வகைக்கு மீனின் அபோஈ-யில் நேர் இணை கிடையாது.

மூன்றாவது, இந்த மீனுக்குத் தானாக அமிலாய்டு படிவும் வராது, டௌ முடிச்சும் வராது. நீங்கள் போட்டதைத்தான் நீங்களே பார்ப்பீர்கள்.

#3 பீட்டா42

எங்கே போடுவது என்பதை நுண்ணோக்கி சொல்லிவிட்டார். என்ன போடுகிறீர்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. "அமிலாய்டு பீட்டா 42 செலுத்தினோம்" என்று ஒரே வரியில் முடிக்கும் கட்டுரையை நம்பாதீர்கள். வாங்கிய பொடியை நேராக நீரில் கரைத்தால் தனி மூலக்கூறு, சிறு திரள், இழை எல்லாம் கலந்த ஒரு குழம்புதான் கிடைக்கும். விகிதம் நாளுக்கு நாள் மாறும்.

முறை இது. 1 மி.கி. பெப்டைடு (மூலக்கூறு எடை 4514) என்றால் 221.5 மைக்ரோலிட்டர் எச்எஃப்ஐபி என்ற கரைப்பான் விட்டால் 1 மில்லிமோலார். உறிஞ்சு பெட்டிக்குள், மூடிய குழாயில், அறை வெப்பத்தில் 30 நிமிடம். பழைய திரள்களை எல்லாம் இது அவிழ்க்கும். அரிக்கும் திரவம், ஆவியும் கெடுதல், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 22 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து இரவு முழுக்கத் திறந்து உலர விடுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் வெற்றிடத்தில். குழாயின் அடியில் கண்ணாடி போல மெல்லிய படலம் தெரிய வேண்டும். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் ஈரம் புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். நல்ல குழாய்களை ஈரமுறிஞ்சியோடு மைனஸ் 80-இல் வையுங்கள்.

பயன்படுத்தும் முந்தைய நாள்: ஒரு குழாய்க்கு 4.4 மைக்ரோலிட்டர் நீரற்ற டிஎம்எஸ்ஓ கரைப்பான் (5 மில்லிமோலார்), 10 நிமிடம் ஒலியலைத் தொட்டி. பிறகு பனிக்கட்டியில் குளிர்ந்த, ஃபீனால் ரெட் சாயம் இல்லாத எஃப்12 செல்வளர்ப்பு ஊடகம் 217 மைக்ரோலிட்டர். இப்போது 100 மைக்ரோமோலார். 4 டிகிரியில் 24 மணி வைத்தால் சிறு திரள்கள். இழைதான் வேண்டும் என்றால் எஃப்12-க்குப் பதில் 10 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 37 டிகிரி, 24 மணி. திரள் கரைசலை 14,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி மேல் திரவத்தை மட்டும் எடுங்கள்.

டிஎம்எஸ்ஓ பழையது என்றால் வேலைக்காகாது. திறந்த புட்டி ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரத்திலேயே திரளத் தொடங்கிவிடும். சரிபார்க்க, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லை மட்டும் நம்பாதீர்கள். எஸ்டிஎஸ் தானே புதுத் திரள்களை உண்டாக்கும். மின்னணு நுண்ணோக்கிப் படம் ஒன்றாவது வேண்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2020-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக் குழு 5-ஆம் நாள் குஞ்சுகளில் செலுத்திப் பார்த்தது. குட்டைத் திரள்கள் விழிப்பைக் கூட்டின, நீண்ட திரள்கள் தூக்கத்தைக் கூட்டின. ஒரே பெப்டைடு, நேரெதிர் விளைவு. இரண்டும் கலந்த குழம்பைப் போட்டால் "விளைவு ஏதுமில்லை" என்று எழுதிவிட்டுப் போவீர்கள்.

#4 செதில்

திட்டத்தில் பாதி இங்கேயே போயிற்று, நன்றி. 100 மைக்ரோமோலாரில் 1 நானோலிட்டர் என்றால் 100 ஃபெம்டோமோல், ஏறக்குறைய 0.45 நானோகிராம். கணக்கு சரிதானே? அந்த 1 நானோலிட்டர் உண்மையிலேயே 1 நானோலிட்டர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#5 கண்ணாடிமுனை

கணக்கு சரி. அளவைத் துளியின் விட்டத்தில் பிடியுங்கள். அளவுகோல் பதித்த கண்ணாடியில் ஒரு சொட்டுக் கனிம எண்ணெய், அதற்குள் ஒரு துளி ஊதுங்கள். விட்டம் 0.12 மி.மீ. இருந்தால் 1 நானோலிட்டர். 0.16 ஆகிவிட்டால் 2-க்கும் மேல். கண்ணுக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் கன அளவு மும்மடிப் பெருக்கம் ஆயிற்றே. ஊசிமுனை கொஞ்சம் உடைந்தாலும், திரள் அடைத்தாலும் இது மாறும். ஒவ்வொரு 20 மீனுக்கும் ஒருமுறை எண்ணெயில் ஊதிப் பாருங்கள். இழைக் கரைசல் அடைக்காமல் இருக்கவே இருக்காது, இரண்டு மூன்று ஊசிகளை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள்.

2-ஆம் நாள் செலுத்த: முட்டையுறையை இரண்டு நுண்இடுக்கிகளால் கிழித்து எடுங்கள். மயக்கத்துக்கு டிரைக்கேன். லிட்டருக்கு 4 கிராம் மூலக்கரைசல், டிரிஸ் சேர்த்து பிஎச் 7 ஆக்கியது, அதில் 4.2 மி.லி. எடுத்து 100 மி.லி. மீன் நீரில். டிரிஸ் விட மறந்தால் கரைசல் அமிலமாகி மீன் மயங்குவதற்குள் துடிக்கும். அகரோஸ் பள்ளத்தில் மீனை முதுகு மேலாகச் சாய்த்து, பின்மூளை அறையின் மெல்லிய கூரை வழியே பின்னாலிருந்து நுழையுங்கள். நேர் மேலிருந்து குத்தினால் ஊசி அடித்தளம் வரை இறங்கிவிடும்.

கரைசலில் 0.05 சதவீதம் ஃபீனால் ரெட் சேருங்கள். (பீட்டா42 ஃபீனால் ரெட் வேண்டாம் என்றது திரட்டும் கட்டத்தில். இது கடைசி நிமிடம் சேர்ப்பது, முரண் இல்லை.) சிவப்பு அறைக்குள் பரவி, முன்னும் பின்னும் கூர்மையான எல்லையோடு நின்றால் சரி. மஞ்சள்கருவில் சிவப்பு தெரிந்தால் அந்த மீன் கணக்கில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து இதயத்துடிப்பும் இரத்த ஓட்டமும் பாருங்கள், குறைந்தவற்றை நீக்குங்கள். எந்தக் குழு என்று தெரியாமலே நீக்க வேண்டும்.

நிறமி பற்றி ஒரு வார்த்தை. 24-ஆம் மணியிலிருந்து, நிறமி உருவாவதைத் தடுக்கும் பிடியு 0.003 சதவீதம் போட்டால் உடல் தெளிவாக இருக்கும், படமெடுக்க வசதி. ஆனால் அது தைராய்டைத் தொடும், கண்ணையும் சிறிதாக்கும். நடத்தை அளக்கும் மீனுக்குப் பிடியு போடவே கூடாது. உடலில் கருநிறமி இல்லாத நேக்ர் வகையைப் பயன்படுத்துங்கள்.

#6 மரபணுத்தச்சன்

ஊசி கோஷ்டியோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. செலுத்திய பெப்டைடு கொஞ்ச காலத்தில் கரைந்து, சிதைந்து, மைக்ரோகிளியா தின்று தீர்ந்துவிடும். அது ஒரு நச்சு வேலை, நோய் மாதிரி அல்ல. மரபணு வழிதான் நீடிக்கும்.

டௌ என்றால் 2009-இல் மியூனிக் குழு காட்டிய வழி இன்னும் நல்ல தொடக்கம். பி301எல் மாற்றம் கொண்ட மனித டௌ, நரம்பணுக்களில் மட்டும், கால்4-யுஏஎஸ் முறையில் (கால்4 புரதம் யுஏஎஸ் டிஎன்ஏ பகுதியில் ஒட்டி மரபணுவை இயக்கும் ஏற்பாடு), கூடவே ஒரு சிவப்பு ஒளிரும் புரதம். டௌவில் பாஸ்பேட் ஏறுவதும் நரம்பணு சாவதும் ஆரம்ப நாட்களிலேயே, உயிருள்ள மீனிலேயே படமாகின்றன. சிக்கல் ஒன்று: யுஏஎஸ் பகுதி தலைமுறைக்குத் தலைமுறை மீதைல் ஏறி அணைந்துகொண்டே போகும். மூன்றாம் தலைமுறையில் "விளைவு காணாமல் போயிற்று" என்று தலையைச் சொறிய வேண்டாம். சிவப்பு நன்றாக ஒளிரும் மீன்களை மட்டுமே தேர்ந்து இனப்பெருக்கம் செய்யுங்கள்.

பரம்பரை அல்சைமர் என்றால் பிசென்1. இங்கே பலர் செய்யும் தவறு, மரபணுவை இரு பக்கமும் உடைத்துவிட்டு "அல்சைமர் மீன்" என்று பெயர் வைப்பது. குடும்ப வழி அல்சைமர் நோயாளிகளிடம் பொதுவாக ஒரு படிதான் மாறியிருக்கும், மற்றது நல்லது. மாறிய படியும் பெரும்பாலும் முழுப் புரதத்தைத் தரும், வெட்டுண்டதை அல்ல. அடிலெய்டு பல்கலைக்கழகக் குழு இதைப் பிடித்துக்கொண்டு, சட்டகம் கெடாமல் இரண்டு அமினோ அமிலம் மட்டும் நீங்கிய பிசென்1 மாற்றத்தை ஒற்றைப் படியில் வைத்து 6 மாத மீன்களின் மூளை ஆர்என்ஏ-வைப் பார்த்தது. மாற்றம் தெரிந்தது ஆற்றல் வளர்சிதையிலும் லைசோசோம் அமிலத்தன்மையிலும். படிவு கிடையாது, முடிச்சு கிடையாது, மீன் சாதாரணமாகத்தான் நீந்தும். நோய்க்கு முந்தைய ஆண்டுகளில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு மனித மூளையைத் திறந்து பார்க்க வழியில்லை. மீன் அங்கேதான் உதவும்.

அவசரத்துக்கு மார்ஃபோலினோ (மரபணுவைத் தற்காலிகமாக அடக்கும் செயற்கை மூலக்கூறு) எடுக்காதீர்கள். செல் சாவுக்கு இட்டுச் செல்லும் பி53 புரதத்தைத் தூண்டி, குறி தவறிய நரம்பணுச் சாவை உண்டாக்கும், அதையே நரம்புச் சிதைவு என்று எழுதிவிடுவீர்கள். முட்டையிலேயே விடை வேண்டும் என்றால் கிரிஸ்பர் மரபணு வெட்டு, ஒரு மரபணுவுக்கு மூன்று வழிகாட்டி ஆர்என்ஏ, காஸ்9 புரதத்தோடு கலந்து ஒற்றைச்செல் நிலையில், முதல் பிளவுக்கு முன், அதாவது சுமார் 40 நிமிடத்துக்குள். அதே தலைமுறையிலேயே பெரும்பாலான செல்களில் இரு படிகளும் உடையும். ஆனால் இது முடக்கம் மட்டும். ஒற்றைப் படி மாற்றத்தைப் பார்க்க இதுவும் உதவாது.

#7 பீட்டா42

> அது ஒரு நச்சு வேலை, நோய் மாதிரி அல்ல

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு கேள்விக்கு நச்சு வேலையே போதும்: இந்தத் திரள் இந்த நரம்பணுவை முதல் 24 மணியில் என்ன செய்கிறது? அதற்கு 6 மாதம் மீன் வளர்க்க வேண்டாம்.

பிசென் பேச்சு வந்ததால் ஒன்று. பிசென் பங்கேற்கும் காமா-செக்ரிடேஸ் நொதியின் தடுப்பானான டாப்ட்டை முட்டை நீரில் விட்டால் உடற்கண்டங்கள் கலைந்து, வால் வளைந்து, நரம்பணுக்கள் அளவுக்கு மீறி முளைக்கும். வளர்ச்சியை வழிநடத்தும் நாட்ச் புரதத்தையும் அந்த நொதி வெட்டாமல் போவதால் வருவது. இது 2002-லேயே மீனில் காட்டப்பட்டது. அதே நொதியைத் தடுத்த செமகாசெஸ்டாட் மருந்து 2010-இல் மூன்றாம் கட்ட மனிதச் சோதனையில் நிறுத்தப்பட்டது. நோயாளிகளின் அறிதிறன் மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது. ஆக, அமிலாய்டு குறைந்ததா என்று மட்டும் பார்க்காமல் உடற்கண்டங்களையும் பாருங்கள். 24 மணியில், ஒரு சாதாரண நுண்ணோக்கியில் தெரியும்.

#8 சிவளைவு

நடத்தைப் பகுதிக்கு வருகிறேன். வெளிச்சம்-இருட்டுச் சோதனை நினைவாற்றலை அளக்காது. இருட்டானதும் குஞ்சு துள்ளும், வெளிச்சத்தில் அடங்கும். தூரம் குறைந்தால் தசை பலவீனம், கண் கோளாறு, காற்றுப்பை ஊதாதது, மருந்து மயக்கம், எதுவாகவும் இருக்கலாம். காற்றுப்பை ஊதாத குஞ்சு எந்தச் சோதனைக்கும் உதவாது, தட்டில் விடுவதற்கு முன்பே ஒதுக்குங்கள்.

5, 6-ஆம் நாளில் கற்றலின் எளிய வடிவம் ஒன்றே நம்பகமாக அளக்கக்கூடியது: பழகிப்போதல். தட்டின் அடியில் ஒரு ஒலி அதிர்வு தட்டினால் குஞ்சு 15 மில்லிநொடிக்குள் உடலை 'சி' போல வளைக்கும். சாதாரணக் கேமராவில் இது தப்பிவிடும், நொடிக்கு 1000 படம் வேண்டும். முதலில் 20 நொடி இடைவெளியில் 10 தட்டு. இது அடிப்படை, இந்த இடைவெளியில் பழகாது. பிறகு 1 நொடி இடைவெளியில் 30 தட்டு. கடைசிப் பத்தில் எத்தனைக்கு வளைந்தது என்பதை அடிப்படையோடு ஒப்பிடுங்கள். சாதாரணக் குஞ்சு பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல் துள்ளிக்கொண்டே இருந்தால் பழகுவதில் குறை.

இங்கே வழுக்கும் இடம்: அடிப்படையிலேயே துள்ளாத குஞ்சு "நன்றாகப் பழகியது" போலத் தெரியும். அது செவிடாக இருக்கலாம். அடிப்படை எண் குழுக்களுக்கிடையே சமமாக இல்லாவிட்டால் பழகிப்போதலைப் பற்றிப் பேசவே கூடாது. அடங்கியதும் ஓய்வு கொடுக்காமல், லேசான தொடுதல் போல வேறொரு தூண்டலைக் கொடுத்து உடனே மறுபடி தட்டுங்கள். மீண்டும் துள்ளினால் பழகியது, துள்ளாவிட்டால் களைப்பு.

96 வட்டக் குழி வேண்டாம். 4 மி.மீ. குஞ்சுக்கு 7 மி.மீ. குழி என்றால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டே கிடக்கும். 24 அல்லது 48 குழி எடுங்கள். விளிம்புக் குழிகள் முதலில் ஆவியாகி உப்பேறும், ஒரு குழுவை விளிம்பிலும் இன்னொன்றை நடுவிலும் போட்டுவிடாதீர்கள். 14 மணி வெளிச்சம், 10 மணி இருட்டு, 28.5 டிகிரி, ஒவ்வொரு முறையும் பகலின் அதே நேரம்.

இடம் கற்றல், பரிசு-தண்டனை கற்றல் எல்லாம் மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் நம்பகமாக வரும். அதற்கு வளர்ந்த மீன் வேண்டும். அதிலும் மனிதருக்குள்ள ஆறடுக்குப் புறணி மீனுக்கு இல்லை. முன்மூளை மேற்புறத்தின் பக்கவாட்டுப் பகுதியை ஹிப்போகாம்பசுக்கு ஒப்பாகச் சொல்கிறார்கள், ஒப்புமை மட்டுமே.

தூக்கம் கேட்டால், ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருப்பது குஞ்சின் தூக்கம். மலிவான அளவீடு, அல்சைமரோடு நேரடித் தொடர்பும் உண்டு. உங்கள் இடத்தில் நினைவாற்றலை விட்டுவிட்டு இதையே எடுப்பேன்.

#9 எண்ணிக்கை

ஒரே ஜோடி ஒரே காலையில் இட்ட முட்டைகளிலிருந்து 60 குஞ்சு எடுத்தால் மாதிரி எண்ணிக்கை 60 அல்ல, 1. குறைந்தது மூன்று வெவ்வேறு ஜோடிகள், மூன்று வெவ்வேறு நாட்கள், ஒவ்வொன்றிலும் எல்லாக் குழுக்களும். மேலே சொன்ன மற்ற எல்லாம் சரியாகச் செய்து இதில் விட்டால் எல்லாம் வீண்.

#10 செதில்

புரிகிறது. பாலிஃபீனால் பகுதி? ஒப்பீட்டு மருந்தாக ரிவாஸ்டிக்மினும் வைக்கலாம் என்றிருக்கிறேன்.

#11 கரைசல்

ரிவாஸ்டிக்மின் வேண்டாம், டோனெபெசில் வையுங்கள். இந்த அல்சைமர் மருந்துகள் தடுப்பது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதிகளை. மீனில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் ஒரே மரபணு, பியூட்டைரைல்கோலினெஸ்டரேஸ் மரபணு கிடையவே கிடையாது. ரிவாஸ்டிக்மின் இரண்டையும் தடுப்பது. அதன் பாதி வேலைக்கு மீனில் ஆளே இல்லை.

பாலிஃபீனாலில் பல கண்ணி வெடிகள். குஞ்சு வளர்க்கும் ஈ3 நீர் என்பது லிட்டருக்கு 0.29 கிராம் சோடியம் குளோரைடு, 13 மி.கி. பொட்டாசியம் குளோரைடு, 48 மி.கி. கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்), 81 மி.கி. மெக்னீசியம் சல்பேட் (ஹெப்டாஹைட்ரேட்), அவ்வளவே. பிஎச்சைப் பிடித்து நிறுத்தும் எதுவும் அதில் இல்லை. தாவரச் சாற்றை விட்டதும் பிஎச் சரியும், குஞ்சு அமிலத்தால் துவளும், நீங்கள் "அதிக அளவில் நச்சு" என்று எழுதுவீர்கள். அலுமினியம் குளோரைடு கொடுத்து "அல்சைமர் மாதிரி" செய்பவர்களுக்கும் இதே கதை. ஒவ்வொரு செறிவிலும் பிஎச் அளந்து 7.2 பக்கம் கொண்டு வாருங்கள்.

தயோஃபிளேவின் சோதனையை இந்தப் பொருளோடு சேர்த்து நம்பவே கூடாது. குர்குமின் போன்றவை தாமே ஒளிரும், அல்லது சாயத்தின் ஒளியை விழுங்கும். திரள் கரையாமலே கரைந்தது போலத் தோன்றும். சாயத்தை விட்டுவிட்டு எதிர்ப்பொருள் கொண்டு பாருங்கள். அதிலும் ஊசி போடாத மீனில் அதே எதிர்ப்பொருள் ஒளிர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மஞ்சள்கரு தானாகவே ஒளிரும், அதைப் படிவு என்று எண்ணிவிடாதீர்கள்.

டிஎம்எஸ்ஓ எல்லாக் குழுவிலும் ஒரே அளவு, 0.5 சதவீதத்துக்குள். முதலில் ஊசி போடாத மீனில் தாங்கும் உச்ச அளவைக் கண்டுபிடியுங்கள், சோதனைக்கு அதன் பத்தில் ஒரு பங்கிலிருந்து. தினமும் நீர் மாற்றுங்கள், பாலிஃபீனால் ஆக்சிஜன் பட்டுப் பழுப்பாகும். நீரில் 10 மைக்ரோமோலார் இருந்தால் மூளையில் 10 இருக்கும் என்று பொருளில்லை. இரத்த-மூளைத் தடுப்பு 3-ஆம் நாள் முதல் படிப்படியாக இறுகுகிறது, 2-ஆம் நாள் உள்ளே போன மருந்து 6-ஆம் நாள் போகாமல் போகலாம். முடிந்தால் குஞ்சுகளைக் கழுவி, அரைத்து, நிறைமாலைமானியில் உள்ளளவைப் பாருங்கள். லெகானெமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்தை நீரில் விட்டு யாராவது சோதித்தால், அது நீரைச் சோதித்ததாகத்தான் அர்த்தம். அவ்வளவு பெரிய மூலக்கூறு உள்ளே நுழையாது, ஊசிதான்.

#12 நுண்ணோக்கி

ஒரு விஷயத்தை இந்த உரையாடல் தொடவில்லை. மீன் அல்சைமருக்கு எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் அது சுவாரசியம். 2016-இல் டிரெஸ்டன் குழு வளர்ந்த மீனின் மூளை அறையில் அமிலாய்டு பீட்டா 42 செலுத்தியது. நரம்பிணைப்புகள் சிதைந்தன, அழற்சி வந்தது, மனிதரில் பார்ப்பதுபோலவே. ஆனால் அதோடு நரம்புத் தண்டணுக்கள் பெருகின, புது நரம்பணுக்கள் பிறந்தன. இன்டர்லூகின்-4 என்ற சமிக்ஞை, ஸ்டாட்6 என்ற புரதம் வழியாக அதைத் தூண்டியது. அதே நச்சை வாங்கிய மீன் மூளை தன்னைத் தைத்துக்கொள்கிறது. மனித மூளையால் ஏன் முடியவில்லை என்று கேட்க இதைவிட நல்ல விலங்கு குறைவு. ஆனால் இதன் மறுபக்கம்: உங்கள் மருந்து கொடுத்தபின் நரம்பணு எண்ணிக்கை மீண்டால், மருந்து காப்பாற்றியதா, மீன் தானாகவே புதுசு போட்டுக்கொண்டதா? ஈடியு குறி (செல் பிரியும்போது டிஎன்ஏ-வில் சேரும் பொருள்) போட்டுப் பிரித்துப் பாருங்கள். புதிதாகப் பிறந்த செல்லில் மட்டும் அது ஏறும்.

#13 செதில்

திருத்திய திட்டம்: நேக்ர் வகை. திரள், இழை தனித்தனியாக. 5-ஆம் நாள் இதயத்தில் 1 நானோலிட்டர், மூன்று ஜோடிகள். முதல் அளவீடு தூக்கம், அடுத்து ஒலிக்குப் பழகிப்போதல். ஒப்பீட்டுக்குத் தலைகீழ் வரிசைப் பெப்டைடு, வெறும் கரைப்பான், ஊசியே போடாதது. பாலிஃபீனால் இப்போதைக்கு இல்லை, டோனெபெசில் மட்டும். தலைகீழ்ப் பெப்டைடையும் எச்எஃப்ஐபி-யில் போட்டு எடுக்க வேண்டுமா?

#14 பீட்டா42

கட்டாயம். அதே நாள், அதே புட்டி டிஎம்எஸ்ஓ, அதே 24 மணி. வெறும் கரைப்பான் குழுவிலும் எச்எஃப்ஐபி-யை உலர்த்திய காலிக் குழாயில்தான் டிஎம்எஸ்ஓ-வும் எஃப்12-ம் விட வேண்டும், எச்சம் ஏதும் இருந்தால் எல்லாக் குழுவுக்கும் சமமாகப் போகட்டும். அந்த டிஎம்எஸ்ஓ 2 சதவீதம் வரும், 1 நானோலிட்டருக்குள் என்பதால் பரவாயில்லை. குழாய் மூடியில் பெப்டைடின் பெயரை எழுதாதீர்கள், எண் மட்டும். எந்த எண் எது என்ற தாள் ஊசி போடுபவரிடம் இருக்கக் கூடாது.

#15 கண்ணாடிமுனை

இதயத்தில் போடும்போது ஃபீனால் ரெட் கண்ணுக்குத் தெரியாது, துடிப்பில் கலைந்துவிடும். ஒளிரும் டெக்ஸ்ட்ரான் (ஒளிரும் சாயம் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலி) சேருங்கள், வால் நாளங்களில் ஒளி ஓடினால் உள்ளே போயிருக்கிறது. இதயப் பையிலேயே தேங்கி நின்றால் அந்த மீனை விட்டுவிடுங்கள்.

#16 செதில்

டெக்ஸ்ட்ரானை ஒப்பீட்டுக் குழுக்களிலும் சேர்த்துவிடுகிறேன். முதல் தட்டு முடிந்ததும் அடிப்படைத் துள்ளல் எண்களை இங்கேயே போடுகிறேன்.